பதினொரு மாதப் பயணி



வடக்கேயிருந்து வரும் ரயில் கூடல்நகரைத் தாண்டி, செல்லூரை ஒட்டி வந்து, வைகைப் பாலம் ஏறித்தான் மதுரை ஜங்ஷனுக்குள் நுழையும். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் அப்படி வந்தபோது, "அந்தா பாரு, நம்ம வீடு" என்று ஜன்னல் வழியே கைகாட்டினாள் என் தங்கை. மடியில் இருந்தவள் பார்க்கவில்லை. இரண்டு இரவு அழுதவள் அப்போதுதான் கண் அசந்திருந்தாள். பதினொரு மாதம் ஆகிறது அவளுக்கு. ஒடிசாவிலிருந்து வருகிறாள்.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான 'காரா'வில் பதிந்துவிட்டு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஒருநாள் படமும் விவரமும் வந்தன. முடிவு சொல்ல 48 மணி நேரம். இவர்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. துணைக்கு நானும் புவனேஸ்வரம் போனேன்.

குழந்தையை எந்த நாளில் கையில் கொடுப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால், திரும்பக் கிடைத்தது ஸ்லீப்பரில் ஆர்.ஏ.சி. ஒற்றை சைடு லோயரில் இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, பிளாஸ்க், பால்பவுடர் டப்பா. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, அதனால் படுக்கையும் இல்லை. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு குழந்தைக்கு ஒரு மடக்குப் படுக்கை வைத்துச் சோதித்தார்கள். அது எல்லா ரயிலுக்கும் வரவேண்டும் என்று அந்த இரவில் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் இடுப்புவலி பெரிதில்லை. அவள் அழுத அழுகைதான் தாங்கவில்லை. மடி புதிது, வாசனை புதிது, காதில் விழும் பேச்சும் புதிது. தங்கை ஆசையாய் வாங்கிப்போன பட்டுப்பாவாடையைப் பிடுங்கி எறிந்தாள். தத்தெடுப்பு மையத்து ஆயாம்மா ஒரு பழைய துண்டைக் கொடுத்து, "துவைக்காதீங்க" என்று சைகையில் சொல்லியிருந்தார். அதை எடுத்து மேலே போட்டதும் கொஞ்சம் தேம்பல் குறைந்தது.

நடுராத்திரி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒடியாப் பையன் ஒருவன் மேல்படுக்கையிலிருந்து இறங்கினான். குழந்தையிடம் ஒடியாவில் ஏதோ கேட்டான். சட்டென்று அழுகையை நிறுத்தி அவன் முகத்தையே பார்த்தாள். தங்கை அழுதுவிட்டாள். "பாணின்னா தண்ணி அக்கா" என்று தொடங்கி, தூக்கம் வரும்வரை நாலைந்து வார்த்தை சொல்லிக்கொடுத்தான். மறுநாள் சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் போய், பாண்டியன் ஏறிய பிறகும் தங்கை அவற்றைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்த அன்றே குழாயடியில் ஒருத்தர் கேட்டார்: "யாரு பெத்த பிள்ளை?" இன்னொருவர் சாதி கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை என்றாலும், இது கேட்கக்கூடாத கேள்வி. வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றவர்கள் அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் மதுரைக்கும் வந்தது. நம் மண்ணில் பிறந்த பிள்ளைகளும் அதன் வழியே எங்கோ யார் மடியிலோ இப்படி ரயிலேறிப் போயிருக்கிறார்கள். அங்கே அவர்களை யாரும் இப்படிக் கேட்டிருக்கக் கூடாதே என்று மனம் பதைக்கிறது.

பிள்ளைக்கு ஒரு முன்கதை உண்டு. அது அவளுடைய சொத்து. குறுக்கு வழியில், தரகர் மூலம் குழந்தை வாங்குகிறவர்கள் அந்தச் சொத்தை அழித்துவிடுகிறார்கள். இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்குத் தத்துப்போன பலர், பொய்க் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றவளைத் தேடுகிறார்கள். சுவிஸ் அரசு 2020 டிசம்பரில் அதற்காக வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். காத்திருப்பு நீளம்தான். ஆனாலும் அந்தச் சட்ட வழியிலேயே போங்கள்.

அந்தத் துண்டை இன்னும் துவைக்கவில்லை. மதுரையில் ஒடியா பேசும் குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஒரு ஒடியாத் தாலாட்டாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று தங்கை காத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்