குடலைச் சூழ்ந்த கொழுப்பு

பெருநாள் கழிந்த மறுவாரம் மத்ரஸா மாணவர்களோடும் அவர்தம் பெற்றோரோடும் அமிர்திக்குச் சென்றிருந்தோம். ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் வந்த வேன்கள் முன்னரே நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரியாணி தேக்சா. உண்டபின் அருவியை நோக்கிக் காட்டுப்பாதையில் நடந்தோம். பிள்ளைகள் ஓடினார்கள். நாற்பதைத் தொடாத தந்தையர் பலர் பாதி வழியிலேயே மூச்சிரைக்கப் பாறைகளில் அமர்ந்துவிட்டனர். கைகால்கள் மெலிந்தவர்கள்தாம், வயிறு மட்டுமே முன்னே நின்றது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

அப்பயணத்துக்கு வர இயலாத ஒருவரை அங்கே நினைத்துக்கொண்டோம். மாணவர் ஒருவரின் தந்தை. காலணித் தொழிற்சாலையில் நாளெல்லாம் அமர்ந்தபடி தைக்கும் வேலை. மலத்தில் இரத்தம் கண்டும் மூலம் என்றே ஓராண்டைக் கடத்தினார். கருணைக்கிழங்கு லேகியம் வாங்கிக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. பிறகுதான் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி குடல் சுவரைத் துளைத்து, சுற்றியிருந்த கொழுப்பையும் எட்டிவிட்டதாக அறுவைக்குப் பின் மருத்துவர் சொன்னார்.

குர்பானி ஆட்டின் வயிற்றைத் திறந்தவர்கள் அந்தக் கொழுப்பை அறிவர். குடலோடு வெண்ணிற வலைபோல் படர்ந்திருக்கும். மனிதனுக்கும் அத்தகைய போர்வை உண்டு. அதனை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதினர். உண்மையில் அது ஹார்மோன்களைச் சுரக்கிறது. அளவு மிகுந்தால் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகிறது. இன்சுலின் வேலையைக் குலைத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடுகிறது. அவ்வாறு ஏறிய இன்சுலின் செல்கள் பெருகத் துணைபோகிறது. கட்டி கொழுப்பைத் தொட்டபின் நிகழ்வதோ இன்னும் திகைக்கச் செய்வது. புற்றுச் செல்களின் தூண்டுதலால் அருகிலுள்ள கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களாக வெளிவிடுகின்றன. புற்றுச் செல்கள் அவற்றை உறிஞ்சி எரிபொருளாக்குகின்றன. சர்க்கரை கிட்டாத நிலையிலும் பிழைத்துக்கொள்கின்றன. கொடுத்துக் கொடுத்துச் சுருங்கிய கொழுப்புச் செல், உருமாறி, கட்டிக்கே ஒத்தாசை செய்வதாக ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உடற்கொழுப்போடு தொடர்புடையவை என 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டபோது பெருங்குடல் புற்றும் அதில் இடம்பெற்றது.

இவற்றைப் படிக்கையில் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 146ஆம் வசனம் நினைவில் எழுந்தது. யூதர்களுக்கு விலக்கப்பட்ட கொழுப்பைப் பற்றிப் பேசுகையில், முதுகில் உள்ளதையும் குடலோடு ஒட்டியதையும் எலும்போடு கலந்ததையும் அது தனித்துக் குறிப்பிடுகிறது. இதனை மருத்துவ அற்புதம் என்று வாதிட நாம் வரவில்லை. அது சட்டம் பேசும் வசனம். ஆயினும் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல, இருக்கும் இடம் முக்கியம் என்பதை இறைச்சி வெட்டத் தெரிந்த எவரும் ஒப்புவர்.

"நாம் பருமனாக இல்லையே" என்போருக்கு ஒரு செய்தி. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கினும் தம் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையின் குறியீடு இருவருக்கும் 22.3தான். யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம் நாட்டவருக்கோ 21.2. ஆகவே எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நமக்கு அது எச்சரிக்கை. நம் மஹல்லாக்களிலோ தொந்தியைச் செழிப்பின் அடையாளமாகப் பார்க்கிறோம். வயிற்றை மூன்றாகப் பகுக்கும் நபிமொழியை மிம்பரிலிருந்து கேட்டுவிட்டு, வலீமாவில் மூன்றாம் தட்டுக்குக் கை நீட்டுகிறோம்.

ஆம்பூர்க்காரரிடம் பிரியாணியை விடச் சொல்ல நமக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. வாரத்துக்கு நான்கு முறை என்பதையே கேள்வி கேட்கிறோம். அதனினும் கவலைக்குரியவை இப்போது வீட்டுக் குளிர்பெட்டிக்குள் வந்துவிட்ட சாசேஜும் சலாமியும். இத்தகைய பதப்படுத்திய இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றின் அபாயம் ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்கிறது என்று அதே முகமை 2015இல் கூறிற்று. ஹலால் முத்திரை இதற்கு விடையாகாது.

உணவைத் திருத்துவதினும் அவசரமானது ஒன்று உண்டு. மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிவிட்ட மலப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றைக் கண்டால் பரிசோதிக்காமல் மூலம் என்று முடிவுகட்டாதீர்கள். வெட்கத்தால் நம் பெண்கள் இதனைக் கணவரிடமும் சொல்வதில்லை. தாய்மார்கள் மகள்களிடம் கேட்டறிய வேண்டும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி இன்று பெரும் மருத்துவமனையாய் வேலூரில் நிற்கிறது. தூர மாநிலத்தவர் இரயிலில் வந்து சேரும் இடம். நமக்கோ ஒரு பேருந்துப் பயணம்.

அந்தத் தந்தை சிகிச்சையில் இருக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் மகனின் கைபிடித்துத் தெருமுனை வரை நடக்கிறார். சென்ற வாரம் லேகியம் கேட்டு வந்த அண்டைவீட்டாரை அவர் விடவில்லை; கையோடு மருத்துவரிடம் அழைத்துப் போனார்.