பள்ளிதோறும் ஒரு மாணவர் ஆலோசகர்: தாம்பரம் பெற்றோர், ஆசிரியர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
1. முதன்மைச் செயலாளர், பள்ளிக்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை
2. மாவட்ட ஆட்சியர், செங்கல்பட்டு
3. முதன்மைக் கல்வி அலுவலர், செங்கல்பட்டு
4. ஆணையர், தாம்பரம் மாநகராட்சி

அனுப்புநர்:
தாம்பரம், தென்சென்னைப் புறநகர்ப் பகுதி அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்

பொருள்: உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முழுநேர மாணவர் ஆலோசகர்களை நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. இப்பகுதியின் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் மெப்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலத் தொழிலாளியின் மகளும், தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனாரின் மகனும், வடமாநிலக் குடும்பத்தின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறார், உடற்பயிற்சிக்கும் ஆசிரியர் இருக்கிறார். மனம் உடைந்து நிற்கும் பிள்ளை போய்ப் பேசுவதற்கு என்றே ஒருவர் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை.

2023 ஆகஸ்டில் குரோம்பேட்டையில் நீட் தேர்வில் வெற்றி கிட்டாத மாணவர் ஒருவரும், அவரைத் தொடர்ந்து அவர் தந்தையும் உயிரிழந்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. அத்தேர்வு இருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அதே வயதுப் பிள்ளைகள் நாளைக் காலை யாரிடம் போய்ப் பேசுவார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த விவாதத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை கேட்டே இம்மனு அளிக்கப்படுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். 1,764 மரணங்களுடன் மகாராஷ்டிரம் முதலிடத்திலும், 1,416 மரணங்களுடன் தமிழ்நாடு அடுத்த இடத்திலும் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு பேர். வெளியே தெரியாத துயரம் இதைவிடப் பெரிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கூறியது. அந்தக் கணக்கில், ஆயிரம் பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவி தேவை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கழகத்தினர் சொல்லவில்லை. 2012–13ஆம் கல்வியாண்டில் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து ஊர்திகள் பத்தே. மாணவர்களுக்கான 14417, மருத்துவ உதவிக்கான 104, 2022 அக்டோபரில் வந்த ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்கள் இயங்குகின்றன. புகார் தெரிவிக்க ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வைக்கப்பட்டன. இவை அனைத்தும் நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் ஊர்தி என்றோ ஒருநாள் வந்து போகிறது. கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் வீட்டில் எட்டாம் வகுப்புச் சிறுமி உதவி எண்ணை அழைக்க இயலாது. வீட்டில் நடக்கும் கொடுமையைப் பெயர் எழுதிப் பெட்டியில் போடும் துணிவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. தினமும் பள்ளியிலேயே இருந்து முகம் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும்.

அவருடைய வேலை என்ன? தொடர்ந்து மூன்று திங்கட்கிழமை வராத மாணவனை அழைத்து, காரணம் காய்ச்சலா, அப்பாவின் குடியா, பகுதிநேர வேலையா என்று கண்டறிவது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்று வீடு ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று நினைக்கும்போது இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது. திருமண ஏற்பாடு நடக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்காகக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத் தொடர்புகொள்வது. பிள்ளை சொன்னதை ரகசியமாகக் காப்பதும், பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி உடனே தெரிவிப்பதும் அவர் கடமைகள். சிகிச்சை தேவைப்படுபவரை மருத்துவரிடம் அனுப்பி, திரும்பி வந்தபின் விசாரிப்பதும் அவரே. ஐம்பது பேர் வகுப்பை நடத்தி, விடைத்தாள் திருத்தி, எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை) இணையப் பதிவுகளையும் முடிக்கும் ஆசிரியர் மீது இதையும் சுமத்துவது நியாயமாகாது.

மாணவரிடையே சாதி வன்மத்தைத் தணிக்கவும் பள்ளிக்குள் இத்தகைய ஒருவர் தேவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் பணியிடம் உருவாக்க அது பரிந்துரைத்தது.

இது புதிய கோரிக்கையும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952–53இலேயே பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் பள்ளிகளுக்குப் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்ற 17 வயது மாணவியின் மரணம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே கட்டாயமாக்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு ஆணையிட்டது. டெல்லி அரசுப் பள்ளிகளில் கல்வி, தொழில் வழிகாட்டி ஆலோசகர் என்ற பணியிடமே உண்டு.

தென்புறநகருக்கென்று தனிச் சுமைகளும் உள்ளன. சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடியிருப்புகளில் குடியேற்றப்பட்டன. அப்பிள்ளைகள் பழைய பள்ளியையும் நண்பர்களையும் ஒரே நாளில் இழந்தவர்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் மறுபடி கிடைத்தன. அச்சத்தைக் கேட்டறியப் பள்ளிக்குள் ஆள் இல்லை.

இன்னொன்றையும் கழகத்தினர் அழுத்திச் சொல்ல விரும்புகின்றனர். பொதுத்தேர்வு முடிவுகள் பெரும்பாலும் மே மாதத்தில் வருகின்றன. அப்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. பிள்ளைக்கு ஆலோசகர் மிக அவசியமாகும் வாரத்தில் பள்ளிக் கதவு பூட்டியிருக்கிறது. தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற வழி இருக்கிறது. அதை அன்றே அவர்கள் காதில் போடும் குரல் வேண்டும்.

எனவே கழகத்தினர் கோருபவை:

1. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் ஒவ்வொரு அரசு, உதவிபெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் உளவியல் அல்லது சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் பெற்ற முழுநேர ஆலோசகரை வரும் கல்வியாண்டு முதல் நியமிக்க வேண்டும். ஆண்டின் 12 மாதங்களுக்கும் ஊதியம் வழங்க வேண்டும்.

2. 100 பேருக்குக் குறைவான பள்ளிகளுக்குப் புனித தோமையார் மலை, காட்டாங்கொளத்தூர் ஒன்றிய அளவில் ஆலோசகர்களை அமர்த்தி, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒதுக்க வேண்டும்.

3. கதவு மூடிப் பேச வசதியுள்ள தனி அறை தர வேண்டும். பதிலி வகுப்பு, எமிஸ் பதிவு, தண்டனை விசாரணை ஆகியவற்றுக்கு ஆலோசகரைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும்.

4. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு, நீட் முடிவுகள் வெளியாகும் வாரங்களில் ஆலோசகர் பணியில் இருந்து, தவறிய ஒவ்வொரு மாணவரையும் அன்றே தொடர்புகொள்ள வேண்டும்.

5. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவுகளுடன் பள்ளிகளை இணைத்து, பரிந்துரைக் கடிதத்துடன் வரும் மாணவருக்குக் காத்திருக்காமல் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும்.

6. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பள்ளிகளுக்குக் கூடுதல் பணியிடங்களும், வடமாநிலப் பிள்ளைகள் உள்ள பள்ளிகளுக்கு இந்தி அறிந்த ஆலோசகர்களும் வேண்டும்.

7. உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஆசிரியர், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மனநல முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும்.

8. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும் இடமளித்து, எந்தப் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், எங்கே இடம் காலி என்ற பட்டியலைக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இக்கோரிக்கைகள் குறித்து 30 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கல்வி, சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு, மாநகராட்சி அலுவலர்கள் பங்கேற்கும் கூட்டத்தைக் கூட்டுமாறும், முதற்கட்ட நியமனத்துக்கான நிதியை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறும் கழகத்தினர் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றனர்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்
இடம்: தாம்பரம்