கடைசி நொடிக்கு யார் பொறுப்பு?

கூடைப்பந்தில் கடைசி நொடி முடியுமுன் பந்து கையைவிட்டுப் போய்விட்டதா என்பதைத் தலைமை நடுவரே சொல்லட்டும், அவர்தான் மூத்தவர் என்கிறார்கள். தவறான வாதம். இரு நடுவர் ஆட்டத்தில் அது பின்னால் நிற்கும் நடுவரின் வேலை. எறிபவரின் கை அவர் பார்வையில் இருக்கிறது. வளையத்தடியில் நிற்பவருக்கு மோதல்களைப் பார்க்கவே நேரம் போதாது. நடுவர்கள் முரண்படும்போதுதான் தலைமை நடுவரின் சொல் இறுதியானது.

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், களத்துக்கு வெளியிலிருந்து வந்த சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கடைசி மூன்று நொடியைத் திரும்ப ஆடவைத்தார். சோவியத் 51–50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே மறுத்தார்கள். பதவி களத்துக்குள் நுழைந்தால் இதுதான் நடக்கும்!

பலகையில் சிவப்பு விளக்கோ வீடியோவோ இல்லாத குமராட்சிப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில், பொறுப்பு யாருக்கென்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலைமை நடுவர்தான் சொல்லவேண்டுமென்றால், பின்னால் நிற்கும் நடுவரின் இடத்தில் அவரே நிற்கட்டும்.