ஆயிரத்து எழுநூறு இருக்கட்டும், கை நின்ற பிறகு என்ன?

 

நல்லதண்ணி, மஸ்கெலியா உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம்.  2024 செப்டெம்பர் 21 தேர்தலில் கடமை என்பதால் நான் தபால் வாக்குப் போட்டேன். யாருக்கு என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம்.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்றார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,350இல் வந்து நின்றது. அந்தத் தேர்தலில் மேடைக்கு மேடை இந்தச் சண்டைதான். கொழுந்து பறிக்கிற கை நின்ற பிறகு என்ன என்று ஒருவரும் பேசவில்லை.

அண்மையில் என் மாணவி ஒருத்தியின் பாட்டி ஈ.பி.எஃப். போமோடு வந்தார். (பள்ளிக்கூடம் விட்ட பிறகு என் பாதி வேலை போம் நிரப்புவதுதான்.) அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர். சத்தியக்கடதாசி வேண்டும் என்றேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "சேர், இந்தக் காசு எத்தன வருசத்துக்குத் தாங்கும்?" என்றுதான் கேட்டார்.

அதற்கான பதிலை 2023 ஜூலை 1ஆம் திகதியே பாராளுமன்றத்தில் எழுதிவிட்டார்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அதற்குப் பெயர். ஈ.பி.எஃப். அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்குப் பதிலாகப் புது முறிகள். முதலில் கொஞ்சக் காலம் 12 வீதம், பிறகு 2038 வரை 9 வீதம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிதியத்தின் வருமான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும். இப்படியா சம்மதம் கேட்பது? அதே 2023 தொடக்கத்தில் திறைசேரி உண்டியல் வாங்கியவனுக்கு 25 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது.

வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை. அவை ஏற்கெனவே 50 வீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன என்று காரணம் சொன்னார்கள். நாடு விழுந்து கிடந்தது, யாராவது சுமக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுமக்க ஆள் தேடியபோது, ஏற்கெனவே கூடை சுமக்கிற முதுகுதானா கண்ணில் பட்டது?

9 வீத வட்டி நிச்சயம், யாரும் பயப்பட வேண்டாம் என்றார்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. அந்த வருடத்துக்கும் ஈ.பி.எஃப். வட்டி 9தான். பாட்டியின் காசு புத்தகத்தில் வளர்ந்தது, கடையில் கரைந்தது.

அதே ஜனாதிபதி 2024இல் அரச ஊழியருக்கு 2025 ஜனவரியிலிருந்து 25,000 ரூபா வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்றார். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, பொய் பேசக் கூடாது. எனக்கு 60 வயதில் பென்சனும் உண்டு. ஆனால் என் பென்சனில் கை வைக்காதவர்கள் பாட்டியின் நிதியில் கை வைத்தார்கள். அந்த அமைச்சரவையில் ஜீவன் தொண்டமானும் இருந்தார்.

சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு தந்திரம் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். 2016 ஒப்பந்தத்தில் 730 ரூபா என்றார்கள். அடிப்படை 500தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140. அந்த 200க்கு ஈ.பி.எஃப். இல்லை. தொரைமார் கட்ட வேண்டிய 12 வீதத்தில் நாளுக்கு 24 ரூபா மிச்சம். ஆகவே 1,700 என்று யார் சொன்னாலும், அதில் எவ்வளவுக்கு ஈ.பி.எஃப். என்று திருப்பிக் கேளுங்கள்.

வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. ஏனென்றால் அந்தக் காசு போவது அங்கேதான். பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் போக மஸ்கெலியா வரை ஓட்டோ, அதற்கு மேல் டிக்கோயா. போனால் "இந்த மருந்து இல்ல, வெளிய வாங்குங்க" என்று துண்டு. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது டிஸ்பென்சரியும் சேர்ந்து போனது. அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! சில தோட்ட ஆஸ்பத்திரிகளை எடுத்தார்கள், மிச்சம் அப்படியே. சிவனொளிபாதமலை சீசனில் யாத்திரை வருகிறவர்களுக்கு இங்கே மருத்துவ முகாம் போடுகிறார்கள். நல்ல காரியம். சீசன் முடிந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நமக்கு நோய் சீசன் பார்த்தா வருகிறது?

ரணிலை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சஜித்தின் கட்சியும் அநுரவின் கட்சியும் அன்று பாராளுமன்றத்தில் எதிர்த்தன. சந்தோசம். அந்த முறிகளை மாற்றுவீர்களா, எங்கள் டிஸ்பென்சரியைச் சுகாதார அமைச்சு எடுக்குமா, எந்தத் திகதிக்குள்?

ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டு, கிடைத்த பதிலைக் கமெண்டில் எழுதுங்கள். கட்சிச் சண்டை பிடிக்கிற கமெண்டை அழித்துவிடுவேன். ஈ.பி.எஃப். போம் நிரப்ப வேண்டியவர்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வாங்க. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டுவாங்க.