காருக்கு வந்த காவல் ரெயிலுக்கு எப்போது?
சித்தேரியில் போன 10 உயிர்கள் கேட்கும் கேள்வி

அரக்கோணம் பக்கத்தில் உள்ள சித்தேரி சின்ன ஸ்டேஷன்தான். எக்ஸ்பிரஸ் வண்டிகள் அதைத் திரும்பிக் கூடப் பார்க்காமல் ஓடி விடும். ஆனால் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி இரவு, நாடே அந்தப் பெயரைக் கேட்டது.

அன்று அரக்கோணத்தில் இருந்து காட்பாடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரெயில், சித்தேரி அருகே நின்று கொண்டிருந்தது. அதே தண்டவாளத்தில் பின்னால் வந்தது சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மெண்ட் மின்சார ரெயில். நின்ற வண்டியின் முதுகில் 'டமார்' என்று மோதியது. பெட்டிகள் நொறுங்கின. 10 பேர் பலியானார்கள். ஏராளமான பேர் படுகாயம் அடைந்தார்கள்.

"மின்சார ரெயில் சிக்னலை மதிக்காமல் வேகமாக வந்து விட்டது" என்று ரெயில்வே தரப்பில் சொல்லப்பட்டது. டீக்கடைகளிலும் அதே பேச்சுதான். "டிரைவர் தூங்கிட்டான்யா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விட்டார்கள்.

டிரைவர் தவறினார் என்றே வைத்துக் கொள்வோம். ஒரு மனிதனின் கண் ஒரு நிமிடம் பிசகினால் 10 குடும்பம் நடுத்தெருவுக்கு வர வேண்டுமா? அந்தக் கண்ணுக்கு மேல் இன்னொரு கண் ஏன் இல்லை? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காரில் நடக்கும் வித்தை

இன்றைக்குப் புதுக் கார் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. முன்பக்கத்தில் ராடார். முன்னால் போகிற லாரி சட்டென்று நின்றால் முதலில் 'பீப், பீப்' என்று எச்சரிக்கும். டிரைவர் கவனிக்கவில்லையா? காரே பிரேக் போட்டு விடும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டீரிங்கை லேசாகத் திருப்பி வழிக்குக் கொண்டு வரும். முன்பு வெளிநாட்டுப் பணக்காரக் கார்களில் மட்டும் இருந்த சமாசாரம் இது. இப்போது 10 லட்சம், 12 லட்சம் ரூபாய் கார்களிலேயே வந்து விட்டது.

இதில் உள்ள கணக்கு சுலபம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு செகண்டில் 28 மீட்டர் ஓடுகிறது. ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் 2 பஸ் நீளம் தாண்டி விடும். மனிதன் பார்த்து, யோசித்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் காரியம் முடிந்து விடும். மெஷினுக்கு யோசனை இல்லை, தூக்கம் இல்லை, வீட்டுக் கவலையும் இல்லை.

ஆனால் அது கடவுளும் அல்ல. கேமராவில் சேறு அப்பினால் கண் தெரியாது. கொட்டும் மழையிலும் மார்கழிப் பனியிலும் தடுமாறும். வாலாஜா, ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளையும் குறுக்கே பாயும் மாட்டையும் பார்த்து சில நேரம் அதுவே திணறிப் போகும். "கார் பார்த்துக்கும்" என்று செல்போனை எடுத்தவன் கதி அதோகதிதான்.

ஆக, பணம் உள்ளவருக்கு ஒரு காவல் வந்து விட்டது. மாதா மாதம் சீசன் டிக்கெட் வாங்கி, விடியற்காலையில் ஓடிப் போய் ரெயில் ஏறும் குமாஸ்தாவுக்கும் கடைப் பையனுக்கும் தோல் பேக்டரி தொழிலாளிக்கும்?

ரெயிலுக்கும் உண்டு 'கவச்'

ரெயிலுக்கு இப்படி ஒரு வசதி இல்லாமல் இல்லை. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் ரெயில் தானாகவே நிற்கும் ஏற்பாடு, சித்தேரி விபத்துக்கு முன்பே சென்னை - கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் வந்து விட்டது. சித்தேரி மார்க்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிறகு நம் நாட்டிலேயே 'கவச்' என்ற கருவி தயாரானது. தண்டவாளக் கட்டைகளில் சின்னச் சின்ன அடையாள வில்லைகள் பதிக்கிறார்கள். ரெயில் அவற்றைத் தாண்டும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று என்ஜினுக்குத் தெரிந்து விடுகிறது. ஸ்டேஷனும் என்ஜினும் ரேடியோவில் பேசிக் கொள்கின்றன. சிக்னல் சிவப்பா, பச்சையா என்பது டிரைவர் முன்னால் உள்ள திரையிலேயே தெரியும். அவர் பிரேக் போடாவிட்டால் கருவி போடும்.

2022-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி செகந்திராபாத் கோட்டத்தில் சோதனை நடந்தது. ஒரே தண்டவாளத்தில் ஓட விட்டார்கள். ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவே என்ஜினில் ஏறிப் போனார். எதிரே இருந்த என்ஜினுக்கு 380 மீட்டர் முன்பாகவே அது தானாக நின்றது.

அப்புறம் என்ன தாமதம்? நாட்டில் சுமார் 69 ஆயிரம் கிலோமீட்டர் ரெயில் பாதை இருக்கிறது. 2024-ம் ஆண்டு வாக்கில் கவச் பொருத்தி முடித்தது சுமார் 1,500 கிலோமீட்டர். யானைப் பசிக்கு சோளப்பொரி!

ஒரு ரூபாய் 40 காசு

"பணம் இல்லை" என்பார்கள். பாதையில் பொருத்த ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 50 லட்சம், ஒரு என்ஜினுக்கு சுமார் 80 லட்சம் ஆகும் என்பது அரசின் கணக்கு. அரக்கோணம் - காட்பாடி தூரம் சுமார் 60 கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி பாதைக்கு மட்டும் சுமார் 30 கோடி ரூபாய். 10 உயிருக்கு முன்னால் இது பெரிய காசா?

இதில் பயணிகள் பக்கமும் ஒரு பேச்சு உண்டு. சித்தேரி விபத்து நடந்த அதே மாதம், அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ரெயில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்கப்பட்டது. 5 ஆண்டில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிட வேண்டும், நவீன சிக்னல் முறை வேண்டும் என்று 2012-ல் அந்தக் கமிட்டி சொன்னது. அடுத்த மாதமே அன்றைய ரெயில்வே மந்திரி தினேஷ் திரிவேதி கட்டணத்தை உயர்த்தினார். சாதாரண வகுப்புக்கு கிலோமீட்டருக்கு 2 காசு. அரக்கோணத்தில் இருந்து சென்னைக்கு ஒரு ரூபாய் 40 காசுக்குள்தான்!

நடந்தது என்ன? சொந்தக் கட்சியே எதிர்த்தது. மந்திரி பதவி பறிபோனது. சாதாரண வகுப்புக் கட்டண உயர்வும் வாபஸ் ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். உயிர்க் காவலுக்கு ஒன்றரை ரூபாய் கேட்டவர் வீட்டுக்குப் போனார்.

மறுபடியும், மறுபடியும்

2023 அக்டோபர் 29. ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம், கண்டகப்பள்ளி அருகே ஒரு பாசஞ்சர் ரெயிலின் பின்னால் இன்னொரு பாசஞ்சர் ரெயில் மோதியது. 14 பேர் பலி. 2024 ஜூன் 17. மேற்கு வங்காளத்தில் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரசின் பின்னால் சரக்கு ரெயில் மோதியது. இரண்டும் சித்தேரியின் அச்சு அசல். ஊர்தான் வேறு.

கவச் வந்து விட்டால் எல்லா விபத்தும் ஒழிந்து விடும் என்று சொல்வதும் சரியல்ல. 2023 ஜூன் 2-ந் தேதி ஒடிசா பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு சிக்னல் பச்சை காட்டியது. வயரிங் கோளாறினால் பாதை மட்டும் மாறிக் கிடந்தது. கிட்டத்தட்ட 300 பேர் மாண்டார்கள். பொய் சொல்லும் சிக்னலை நம்பினால் கருவியும் ஏமாறும். சிக்னல் பராமரிப்பும் தண்டவாளப் பராமரிப்பும் சேர்ந்தால்தான் கவசம் முழுக் கவசம்.

டிரைவரும் மனிதர்தான். 'தொடர்ந்து 2 ராத்திரிக்கு மேல் டூட்டி போடாதீர்கள், வாரத்துக்கு 46 மணி நேரம் ஓய்வு கொடுங்கள்' என்று தெற்கு ரெயில்வே என்ஜின் டிரைவர்கள் 2024-ல் போராட்டம் நடத்தினார்கள். தூங்க விடாமல் வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, பிறகு "தூங்கிட்டான்" என்று திட்டுவதில் என்ன நியாயம்?

தேதி சொல்லுங்கள்

ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு 1856-ல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் ஓடிய தடம் இது. முதலில் பயணிகள் ரெயில் பார்த்த மண், காவலுக்கு மட்டும் கடைசி வரிசையில் நிற்க வேண்டுமா?

கேட்பது மூன்றுதான். அரக்கோணம் - காட்பாடி மார்க்கம் முழுவதும் கவச் எந்தத் தேதியில் இயங்கும் என்பதை ஸ்டேஷன்தோறும் பலகையில் எழுதி வையுங்கள். எக்ஸ்பிரஸ் என்ஜின்களோடு நிறுத்தாமல், ஏழை ஏறும் பாசஞ்சருக்கும் மின்சார ரெயிலுக்கும் பொருத்துங்கள். டிரைவர்களுக்கு உரிய ஓய்வைக் கொடுங்கள்.

செத்தவர் வீட்டுக்கு நிவாரணச் செக் கொடுக்க அதிகாரிகள் மறுநாளே வருகிறார்கள். அந்தச் சுறுசுறுப்பு, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கருவி பொருத்துவதிலும் வரட்டும்!