ஸனது இல்லாத பதில்கள்: செயற்கை நுண்ணறிவும் நம் பிள்ளைகளின் கல்வியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

2022 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடல் செயலியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதைத் தொடர்ந்து கூகுள், மெட்டா முதலிய நிறுவனங்களும் தத்தமது செயலிகளுடன் களத்தில் இறங்கின. இன்று அவை நம் வீடுகளின் கைப்பேசிகளில் இருக்கின்றன. கேள்வியைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. பள்ளிக் கட்டுரை, கணக்கின் விடை, விண்ணப்பக் கடிதம் அனைத்தும் நொடிப்பொழுதில் கிடைக்கின்றன. அத்துடன் நின்றுவிடவில்லை. ஒளூவின் சட்டம், விடுபட்ட நோன்பின் பரிகாரம், தலாக்கின் நிலை, வாரிசுகளின் பங்கு ஆகியவற்றையும் நம் மக்கள் அதனிடமே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இது குறித்து நம் சமுதாயத்தில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. இது வழிகேட்டின் கருவி, இதைத் தொடவே கூடாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் இதுவே சொல்லிவிடும்போது இனி மத்ரஸா எதற்கு, உஸ்தாத் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. ஒலிபெருக்கி வந்த காலத்தில், தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று இந்திய உலமாக்கள் நெடுநாள் விவாதித்தார்கள். அதிலிருந்து வருவது இமாமின் குரல்தானா, அதன் எதிரொலியா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். இன்று சிலர் அதைச் சொல்லி நகைப்பதுண்டு. ஆனால் ஒரு பொருளின் தன்மையை அறிந்த பின்னரே அதைப் பற்றிய சட்டத்தைச் சொல்ல வேண்டும் என்னும் ஒழுங்கு அந்த விவாதத்தில் இருந்தது. செயற்கை நுண்ணறிவு விஷயத்திலும் நமக்குத் தேவைப்படுவது அதே ஒழுங்குதான்.

கருவியின் தன்மை என்ன?

இச்செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்கள் கொண்ட எழுத்துகளின் மீது பயிற்றுவிக்கப்பட்டவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைக் கணித்து, சொல்லுக்குப் பின் சொல்லாகத் தொடுத்துக்கொண்டே செல்வதுதான் அவற்றின் அடிப்படை வேலை. ஓர் ஆலிம் கிதாபை விரித்து, இன்ன பக்கத்தில் இன்ன வரி என்று பார்த்துச் சொல்வதைப் போன்றதன்று அது. இணையத்தில் தேடி, எடுத்த இடத்தைக் காட்டும் வகைகளும் இப்போது உள்ளன. எனினும், காட்டப்பட்ட பக்கத்தில் இல்லாத செய்தியை இருப்பதாகச் சொல்லும் தவறு அவற்றிலும் நிகழ்கிறது. பதில் சரியாக இருக்கும்போதும் தவறாக இருக்கும்போதும் அதன் நடை ஒன்றே. தடுமாற்றம் இல்லாத, கண்ணியமான, நம்பத் தூண்டும் நடை.

இதன் விளைவை நியூயார்க் நகரில் உலகம் கண்டது. விமான நிறுவனம் ஒன்றின் மீது தொடரப்பட்ட வழக்கில், பயணியின் வழக்கறிஞர்கள் முந்தைய தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டி மனு அளித்தார்கள். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் உலகில் எங்கும் இல்லாதவை. வழக்கின் பெயர், தீர்ப்பின் வாசகம் ஆகியவற்றைச் சாட்ஜிபிடி இட்டுக்கட்டியிருந்தது. இவை உண்மையானவைதாமா என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டபோது, ஆம் என்றே அது பதிலளித்திருந்தது. 2023 ஜூன் மாதம் நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அபராதம் கட்டியவர்கள் மனிதர்கள். செயலி எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

சட்டம் படித்தவர்களே ஏமாந்த இடத்தில், மார்க்கச் சட்டத்தின் அடிப்படையை அறியாத ஓர் இளைஞர் ஏமாறுவதில் வியப்பில்லை. நபி (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை ஹதீஸ் என்று அச்செயலி எழுதித் தரலாம். அதற்குக் கிதாபின் பெயரையும் எண்ணையும் கூடப் பொருத்தித் தரலாம். அதை அவர் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டால், நபியின் பெயரால் ஒரு பொய் நூறு வீடுகளுக்குள் நுழைந்துவிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவரின் இருப்பிடம் நரகம் என்னும் எச்சரிக்கையை அறிந்த சமுதாயம் நாம். அறியாமல் பகிர்ந்தவரின் நிலை வேறு என்றாலும், சரிபார்க்கும் கடமை அவரை விட்டு நீங்குவதில்லை. உறுதியற்றவரிடமிருந்து வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தும், அறியாத ஒன்றின் பின்னால் செல்லக் கூடாது என்று ஸூரத்துல் இஸ்ராவும் நமக்குக் கற்பித்திருக்கின்றன.

யாரிடமிருந்து பெற்றாய்?

இல்மைப் பாதுகாக்க இந்த உம்மத் கண்ட வழி இஸ்னாத். ஆரம்பத்தில் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி மக்கள் அதிகம் விசாரிக்கவில்லை என்றும், குழப்பங்கள் தோன்றிய பின்னர், உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றும் தாபிஈன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் பின்னர் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பிறப்பு, இறப்பு, பயணம், ஆசிரியர்கள், நினைவாற்றல், நேர்மை ஆகியவை ஆராயப்பட்டன. முதுமையில் நினைவு தடுமாறியவர் என்றால், தடுமாற்றத்திற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின்னர் கேட்டவர் யார் என்று பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் இந்த ஒரு நோக்கத்திற்காகவே எழுதப்பட்டன.

செயற்கை நுண்ணறிவின் பதிலுக்கு அப்படியொரு ஸனது இல்லை. அது எந்த எழுத்திலிருந்து எதைப் பெற்றது, நம்பகமான கிதாபிலிருந்தா, யாரோ ஒருவரின் வம்பு விவாதத்திலிருந்தா என்று பிரித்தறிய வழியில்லை. அதை உருவாக்கிய பொறியாளர்களாலேயே ஒரு குறிப்பிட்ட வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்ல இயலாது. முகவரி தெரியாதவர் கொடுத்த மருந்தை நம் குழந்தைக்குப் புகட்ட மாட்டோம். மார்க்கத்தில் மட்டும் எச்சரிக்கை ஏன் தளர வேண்டும்?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு மஸ்அலாக்கள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டுக்குத் தமக்குத் தெரியாது என்று பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் இமாம் அவர்கள். அத்தகையவரே அப்படிச் சொன்னதற்குக் காரணம், சொன்ன சொல்லுக்காக அல்லாஹ்வின் முன் நிற்க வேண்டும் என்னும் அச்சம். இயந்திரத்துக்கு மறுமை இல்லை. ஆகவே அச்சமும் இல்லை.

ஒரு பாகப்பிரிவினைக் கேள்வி

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் தம் மனைவியையும் இரண்டு மகள்களையும் ஒரு சகோதரரையும் விட்டு மரணித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பங்கு என்ன என்று செயலியிடம் கேட்டால், மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, எஞ்சிய இருபத்து நான்கில் ஐந்து பங்கு சகோதரருக்கு என்று அது சொல்லக்கூடும். கணக்கில் பிழையில்லை. இருபத்து நான்கில் மூன்றும் பதினாறும் போக எஞ்சுவது ஐந்துதான்.

ஆனால் ஓர் ஆலிம் கணக்கைத் தொடங்குவதற்கு முன் கேள்விகளைத் தொடங்குவார். மய்யித்தின் தந்தை உயிருடன் இருக்கிறாரா? இருந்தால் சகோதரருக்கு எதுவுமில்லை. அந்தச் சகோதரர் தாயும் தந்தையும் ஒன்றானவரா, தாய் மட்டும் ஒன்றானவரா? தாய் மட்டும் ஒன்றானவர் என்றால், மகள்கள் இருக்கும் நிலையில் அவருக்குப் பங்கு கிடையாது. தாயார் உயிருடன் இருக்கிறாரா? மனைவியின் மஹர் கொடுக்கப்பட்டுவிட்டதா? கொடுக்கப்படவில்லை என்றால் அது கடன். பிரிவினைக்கு முன்பே அடைக்கப்பட வேண்டியது. வேறு கடன் உண்டா? வஸிய்யத் உண்டா? அது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா?

நமது தமிழில் சகோதரர் என்னும் ஒரே சொல் இத்தனை உறவுகளையும் தாங்கி நிற்கிறது. கேட்பவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. செயலி பெரும்பாலும் தானாக ஒன்றை அனுமானித்துக்கொண்டு பதிலைத் தந்துவிடும். அந்த அனுமானத்தால் ஒரு விதவையின் மஹர் போய்விடலாம். ஓர் அநாதையின் சொத்து வேறொருவர் கைக்குச் செல்லலாம். தலாக், ரத்த உறவு, பால்குடி உறவு ஆகிய மஸ்அலாக்களிலும் இதுவே நிலை. மார்க்கத் தீர்ப்பு என்பது கேட்டவரின் நிலையை விசாரித்து அறிந்த பின் வழங்கப்படும் அமானத் ஆகும்.

பள்ளிக்கூடமும் உழைப்பும்

உலகக் கல்வியின் பக்கம் வருவோம். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடை செய்தன. நான்கே மாதங்களில் தடையை விலக்கிக்கொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயதாக 13-ஐப் பரிந்துரைத்தது. முழுத் தடையும் முழுத் திறப்பும் தீர்வாகாது என்பதை இவை காட்டுகின்றன.

இவற்றைவிட நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி துருக்கியிலிருந்து வந்தது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வை நடத்தினார்கள். சாதாரணச் செயலியின் துணையுடன் பயிற்சி செய்த மாணவர்கள், துணையின்றிப் பயின்றவர்களைவிடப் பயிற்சியில் 48 சதவீதம் சிறப்பாகச் செய்தார்கள். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதே மாணவர்கள் 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பை மட்டும் தருமாறு ஆசிரியர்களின் துணையுடன் அமைக்கப்பட்ட செயலியைப் பயன்படுத்திய பிரிவினருக்கு இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஏற்படவில்லை.

ஹிஃப்ளு மத்ரஸாக்களில் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டே நூறு முறை ஓதும் மாணவன் சரளமாக ஓதுவான். மூடிவிட்டு ஓதச் சொல்லும்போதுதான் அவன் உள்ளத்தில் எவ்வளவு பதிந்தது என்பது தெரியும். திக்கி நின்று, நினைவைத் துழாவி, அடுத்த ஆயத்தைத் தானே கண்டெடுக்கும் அந்தச் சில நொடிகள்தாம் அவனை ஹாஃபிள் ஆக்குகின்றன. அதனால்தான் நல்ல உஸ்தாத் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. சற்றுக் காத்திருந்து ஒரு சொல்லை மட்டும் கொடுப்பார். துருக்கி ஆய்வின் மூன்றாம் பிரிவு பெற்ற குறிப்பும் இத்தகையதே.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அல்காரிதம் என்னும் சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி (ரஹ்) அவர்களின் பெயரிலிருந்து வந்தது என்பது நம் மேடைகளில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் வீட்டுக்கணக்கைச் செயலியிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போகும் பிள்ளைக்கு அந்தப் பெருமையில் என்ன பங்கு இருக்கிறது? முன்னோரின் வாரிசாவதற்கு அவர்களின் உழைப்பு நம்மிடம் இருக்க வேண்டும்.

மக்கள் ஏன் அங்கே செல்கிறார்கள்?

செயலியைக் குறை கூறுவதோடு பேச்சை முடித்துவிடுவது நியாயமாகாது. ஓர் இளைஞர் நள்ளிரவில் தம் ஈமானைப் பற்றிய சந்தேகத்தை ஓர் இயந்திரத்திடம் கேட்கிறார் என்றால், பகலில் அதைக் கேட்க அவருக்கு மஹல்லாவில் ஒரு மனிதர் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கேட்டால், இப்படியெல்லாம் கேட்கலாமா என்று அதட்டப்படுவோம் என்று அவர் அஞ்சுகிறார். பெண்களின் நிலை இன்னும் கடினம். ஹைளு, நிஃபாஸ் தொடர்பான கேள்விகளுக்கு அவர்கள் யாரிடம் செல்வார்கள்? மார்க்கத்தைக் கற்பதில் வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். அன்னையின் வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது. நம் ஊர்களில் அந்த வாசல் எத்தனை இடங்களில் திறந்திருக்கிறது?

ஆகவே ஜமாஅத் நிர்வாகங்களுக்கு நம் வேண்டுகோள் இது. வாரத்தில் ஒரு நாள், அதட்டல் இல்லாத கேள்வி நேரம் ஒன்றை இளைஞர்களுக்காக ஏற்படுத்துங்கள். பெண்களுக்கு ஓர் ஆலிமாவை நியமித்து, அவரை அழைக்க ஓர் எண்ணை அறிவியுங்கள். அவருக்குத் தகுந்த ஊதியமும் கொடுங்கள். பள்ளிவாசலின் மினாராவுக்கும் பளிங்குக்கும் திரட்டப்படும் நிதியில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

பெற்றோருக்கும் சில சொற்கள். மார்க்கத் தீர்ப்பைச் செயலியிடம் பெறாதீர்கள். அது தரும் ஹதீஸை மூல நூலில் பார்க்காமல், அல்லது அறிந்தவரிடம் கேட்காமல் பகிராதீர்கள். அரபுச் சொல்லின் பொருளைத் தேடவும், பாடத்தில் புரியாத இடத்தை வேறு விதமாக விளக்கச் செய்யவும், மொழியைப் பழகவும் அதைப் பயன்படுத்தலாம். இவை நன்மையான பயன்களே. பிள்ளை வீட்டுப்பாடத்தை முதலில் தன் கையால் எழுதட்டும்; பிறகு சரிபார்க்கச் செயலியை நாடட்டும். எழுதியதை உங்களிடம் வாயால் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் அது அவன் கற்றது. முடியாவிட்டால் அது இரவல். உங்கள் வீட்டு விவகாரங்களையும் பெயர்களையும் அச்செயலியில் கொட்டாதீர்கள். ஒருவரின் மறைவான விஷயம் அமானத் என்பதை மறவாதீர்கள்.

முதல் வஹீ ஓதுமாறு கட்டளையிட்டது. எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த இறைவனை நினைவூட்டியது. எழுதுகோல் இன்று வேறு வடிவம் எடுத்திருக்கலாம். ஓத வேண்டியவர்கள் நாமும் நம் பிள்ளைகளுமே. பயனுள்ள இல்மை எங்களுக்கு அதிகப்படுத்துவாயாக, பயனற்ற இல்மிலிருந்து எங்களைக் காப்பாயாக என்று வல்ல ரஹ்மானிடம் இறைஞ்சுவோம். ஆமீன்.