வயலுக்கு வந்த பள்ளி

பள்ளிக்கூடங்கள் பெருகினால் வேலையும் தானே பெருகும் என்று நம்புகிறவர்களும், விளைச்சல் பெருகினால் ஊரில் எவரும் வேலையற்றிருக்க மாட்டார் என்று சாதிக்கிறவர்களும் எங்கும் உண்டு. இவ்விரு நம்பிக்கைகளையும் ஒரே காலத்தில் பரீட்சித்துப் பார்த்த தேசம் இந்தோனேஷியா. இரண்டிலும் அது கண்ட வெற்றி பெரிது. ஆயினும் அவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று ஏறிட்டுப் பாராமல் நடந்தமையால் விளைந்த நஷ்டமும் சிறிதன்று என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெய் விலையேற்றத்தால் கஜானா நிரம்பிய அந்த நாட்களில், அதிபர் சுகார்த்தோவின் சர்க்கார், 1973-க்கும் 1979-க்கும் இடையே 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளை, படிக்காத பிள்ளைகள் மிகுந்த ஜில்லாக்களுக்கு முதலிடம் தந்து கட்டி முடித்தது. பின்னாளில், 2019-இல், பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் துஃப்லோ, 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அப்பள்ளிகள் மிகுந்த பிரதேசங்களில் வளர்ந்தவர்கள் அதிகம் படித்தார்கள் என்பதையும், அதனால் அவர்களுடைய ஊதியமும் உயர்ந்தது என்பதையும் ரூபித்துக் காட்டினார்.

அதே ஆண்டுகளில் ஜாவாவின் நன்செய்களிலும் பெரியதொரு மாறுதல் நேர்ந்தது. அதுவரை அறுவடை என்பது ஊர்ப் பெண்கள் யாவருக்கும் உரிய ஜீவனோபாயமாக இருந்தது. நெல்லன்னையாகிய தேவி ஸ்ரீ அஞ்சிவிடுவாளென்று அரிவாளை விலக்கி, உள்ளங்கையில் அடங்கும் ‘அனி-அனி’ என்ற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்து, அறுத்ததில் ஒரு பங்கைக் கூலியாக அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். குட்டை ரக நெல்லும் யூரியாவும் வந்தபின், விளைந்த பயிரை நிலத்தில் நிற்கும்போதே விலைபேசி வாங்கிய வியாபாரிகள், அரிவாளோடு சில ஆட்களை மட்டும் அழைத்துவந்து காரியத்தை முடித்தார்கள். நெல் குத்தும் வேலையை ஆலை எடுத்துக்கொண்டது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு பெற்றதாகத் தேசம் பெருமையோடு அறிவித்தபோது, நிலமற்ற அப்பெண்களின் கையில் கத்தியும் இல்லை, உலக்கையும் இல்லை.

அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் பட்டணம் போனார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் மண்ணில் இறங்குவது படியாதவன் தலைவிதி என்பதைப் பள்ளிக்கூடம் பாடமாக எழுதாமலே போதித்துவிட்டது. இன்று அந்நாட்டில் வேலையில்லாதோர் விகிதம், ஆரம்பக் கல்வியோடு நின்றவர்களிடத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவு. தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் தேறியவர்களிடத்திலோ சுமார் 9 சதவீதம். படியாதவன் சும்மா இருக்க வசதியற்றவன், கிடைத்த வேலையைச் செய்கிறான் என்பது இதற்கு ஒரு சமாதானமே. எனினும், தொழிலுக்கென்றே ஏற்பட்ட கல்வி தொழிலைத் தேடித் தராதது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஏடும் ஏரும் அத்தேசத்தில் ஒருமுறை மெய்யாகவே சந்தித்தன. பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்ததால் சிலந்திகள் மடிந்து, புகையான் பூச்சி பெருகிப் பயிரை எரித்தாற்போல் அழித்தபோது, 1986-இல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதென்று சர்க்கார் தடுத்தது. 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுவதும், குடியானவர்கள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, கண்டதைக் காகிதத்தில் சித்திரமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே விவாதித்து நிச்சயித்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பயின்றனர். பயின்றவர்களில் சிலர் தாங்களே ஆசிரியர்களும் ஆயினர்.

அந்த முறையைப் பெரியவர்களோடு நிறுத்தியதுதான் பிழை. விதை உற்பத்தி, அறுவடை இயந்திரத்தைப் பழுது பார்த்தல், சுலவேசியின் கொக்கோவைப் பக்குவமாய்ப் புளிக்கவைத்தல், காயோ மலைநாட்டுக் காப்பியைத் தரம்பிரித்துச் சந்தைக்கு அனுப்புதல் என்று, வயலுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே படிப்பைக் கோரும் தொழில்கள் எத்தனையோ உள. அவற்றைத் தொழிற்பள்ளிகள் தம் பாடமாக்கிக்கொள்ள வேண்டும். அனி-அனியைப் பறிகொடுத்த பாட்டியின் பேத்தி இன்று சான்றிதழோடு வாசலில் நிற்கிறாள்; பாட்டியிடம் வயல் பறித்துக்கொண்ட வேலையைப் பேத்திக்கு வேறு உருவில் திருப்பித் தருவது, பள்ளி பட்டிருக்கும் கடன்.